இருநூற்றைந்து

என்னிடம் கேட்கவில்லை.
பஞ்சிகாவத்தையில் ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று
நூற்றெழுபத்தைந்தைக் கழற்றி
இருநூற்றைந்து பூட்டிக்கொண்டு வந்தார் குகனேசன்.
றிம்மும் புதிது.
காரின் பெயர் சன்னி.
சன்னி பிடித்தது இவருக்கு.

கொட்டாஞ்சேனை மாடிவீட்டுக் கீழ்த்தளத்தில்
காலை அகட்டி நின்றது அது,
சாரத்தை மடித்துக் கட்டிய சண்டியனாய்.
"எப்பிடி?" என்றார்.
"ஓடப்போறது நான்" என்றேன்.

திங்கட்கிழமை வெளியே எடுக்கும்போதே
தோள்மூட்டு சொன்னது வித்தியாசத்தை.
நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்ப
நிறைந்த காஸ் சிலிண்டரை உருட்டுகிற கனம்.
முழுக்க ஒடித்தால் மட்கார்ட்டின் உள்விளிம்பில்
பல்லைக் கடிக்கிற மாதிரி ஓர் உரசல்.
பச்சை விழுந்து ஒரு மூச்சு கழித்துத்தான் புறப்படும்,
பின்னால் நிற்கிற ஓட்டோக்காரன்
என் பரம்பரையை விசாரிப்பான்.
பேஸ்லைன் வீதியில் லொறிகள் அமிழ்த்திய தடத்துக்குள்
தானாகவே போய் விழும்;
நான் இழுக்க, அது இழுக்க,
தெமட்டகொடை வரைக்கும் வாக்குவாதம்.
பெற்றோல் எழுதுகிற கொப்பியில்
லீற்றருக்குப் பதின்மூன்று
பன்னிரண்டுக்கு இறங்கியது.

ஆனால் பொய் சொல்லக்கூடாது.
பொரளைச் சுற்றுவட்டம்,
காலை ஐந்தே முக்கால், வெறும் வீதி, காய்ந்த தார்.
ஐம்பதில் எடுத்தேன்.
முன்பென்றால் ரயரின் பக்கச்சுவர் நெளியும்,
கார் ஒரு பக்கம் சரிந்து யோசித்துவிட்டு வரும்.
இப்போது கை நினைத்ததுமே மூக்குத் திரும்பியது.
யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு
இன்னொரு தடவை சுற்றினேன்.
குகனேசனுக்கு அதைச் சொல்லவில்லை.

கட்டடங்களுக்கு அளவெடுத்துச் செலவு சொல்வது என் வேலை.
சந்தேகம் வந்தால் டேப்பை எடுப்பேன்.
முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, நனைத்து,
கலண்டரில் கிழித்த தாளின்மேல் இறக்கினேன்.
ரிஸ்மியின் கடையில் விலைபோகாமல் திரும்பிவந்த
பழைய சக்கரத்தைப் பூட்டி
அதையும் அப்படியே.
புதியதன் தடம் அகலம். ஆனால் கட்டை.
பழையது ஒடுங்கி நீண்டிருந்தது.
பெருக்கிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.
அதே பாரம், அதே காற்று;
இவ்வளவு காசுக்கும்
நிலம் எங்களுக்கு ஒரு விரல்கூடக் கூட்டித் தரவில்லை,
வடிவத்தை மட்டும் மாற்றித் தந்தது.
செப்டெம்பரின் மேல் ஈரமாய் ஓர் உள்ளங்கை.
அப்படி நாலு உள்ளங்கைகளில்தான்
இருவரும் வீட்டுக்கடனும் போய்வருகிறோம்.

ஒக்டோபர் கடைசி. களனிப் புதுப்பாலத்து இறக்கம்.
இரவு ஒன்பதரை, வைப்பருக்கு அடங்காத மழை.
எழுபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தேன்.
பக்கத்தில் இவர்,
"வீதியைக் கவ்விப் பிடிக்குது பார்" என்று
தொடங்கியிருந்தார்.

ஸ்டியரிங் லேசானது.
இத்தனை வாரமாய் நான் கேட்ட அதே லேசு.
வெறும் சிலிண்டர்.
அகலப் பாதம் தண்ணீரைப் பிளக்காமல்
அதன்மேல் ஏறிக் குந்திவிட்டது.
நாலு உள்ளங்கையும் எங்கேயோ.
பிரேக்கைத் தொடவில்லை, திருப்பவில்லை,
அக்சிலேற்றரில் இருந்து காலை மட்டும்
தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து எடுப்பதுபோல் எடுத்தேன்.
ஒரு விளக்குக்கம்பம்.
இரண்டு.
மூன்றாவதில் சின்னக் குலுக்கம்,
கைக்குள் மறுபடி அந்தக் கனம்.
இவ்வளவு நாளும் திட்டிய கனம்.

"என்ன நடந்தது?"
"ஒண்டுமில்லை. மிதந்தம்."
ஆமர் வீதி வரும்வரை
வைப்பர் மட்டும் பேசியது.

அடுத்த சனிக்கிழமை அவரே கேட்டார்,
"பழசையே பூட்டுவமா?"
குனிந்து ரயரின் வெட்டுக்குள் நகத்தை விட்டு
ஆழம் பார்த்தேன். ஒரு சிறுகல் இருந்தது, எடுத்தேன்.
"மழை முடியட்டும், பாப்பம்.
அதுவரைக்கும் நாப்பதிலை ஓடுறன்" என்றேன்,
பொரளையை நினைத்துக்கொண்டு.