ஒன்பதாம் காட்சி

பாடாங் செராயில் தீமிதி முடிந்த மறுநாள்
கோயில் திடலில் இரண்டு லாரிகளை
முதுகோடு முதுகு நிறுத்திப்
பின்கதவு இறக்கினால் அதுதான் தஞ்சாவூர்.

எனக்கு வேலை திரைக்குப் பின்னால்,
வசனம் எடுத்துக் கொடுப்பது.
பகலில் தோட்டத்து ஆபீசில் கிராணி.
வருஷத்துக்கு ஒரு ராத்திரி
ராஜாவுக்கு வாய்.

ராஜாவின் பெயர் விட்டல்ஜி.
அப்படி ஒரு மராட்டியர் தஞ்சையை ஆண்டாரா என்று
இங்கே ஒருத்தரும் கேட்டதில்லை.
தபால்காரர் சிங்காரவேலு
ஐந்து பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைத்துப் போனார்.
ஆண்டதாகத்தான் அர்த்தம்.

முதல் காட்சியில் ராஜாவுக்கு ஏழு வயது,
சித்தப்பன் இருட்டறையில் பூட்டுகிறான்.
மூன்றில் மூங்கில் குதிரை.
ஐந்தில் பட்டாபிஷேகம். கிரீடம் கிடையாது, பாகைதான்.
'மராட்டியன் தலையில் தகரம் வைக்காதே'
ஓரத்தில் சிவப்பு மையில் சிங்காரவேலு.
ஏழில் ராணிக்குக் காய்ச்சல்.
வசனமே இல்லை, ராஜா ஈரத்துணி
பிழிந்துகொண்டே இருப்பார்.
பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும்.
ஒன்பதில் கம்பெனி வரும்.

பத்தொன்பது வருஷமாகக் காத்தமுத்துதான் விட்டல்ஜி.
மற்ற நாளில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்.
நீளக்கழி தூக்கித் தூக்கி
இடது தோள் இறங்கிவிட்டது.
அதை ராஜநடை என்று நினைத்து
லயத்துப் பிள்ளைகள் சாய்ந்து சாய்ந்து நடக்கும்.

உறைகள் வந்தது செவ்வாய்க்கிழமை.
வந்தது என்ன, நான்தான் அடித்தேன்,
நான்தான் எண்ணினேன், அறுபத்திரண்டு,
நான்தான் பேர் கூப்பிட்டுக் கொடுத்தேன்.
தொண்ணூறு நாளில் வீட்டைக் காலி செய்யவும்.
குடும்பத்துக்கு இவ்வளவு வெள்ளி.
கோயில் நிலம் பற்றிப் பிறகு பேசலாம்.
காத்தமுத்து பேனாவை வாங்கி உதறி
"மை வருதா?" என்றார்.
வேறொன்றும் கேட்கவில்லை.

முகமெல்லாம் கோதுமை மாவோடு
தைரியநாதன் துரை காகிதத்தை நீட்டுகிறான்.
"ராஜ்யம் கம்பெனிக்கு. கோட்டை உமக்கு.
வருஷா வருஷம் மானியம்."
ராஜா மோதிரத்தை மெழுகில் அழுத்துவார், திரை விழும்.
பத்தொன்பது வருஷமும் அப்படித்தான்.

அழுத்தவில்லை.
'விதி எழுதிய பின் வேந்தன் எழுத...'
கிசுகிசுத்தேன்.
மறுபடியும். முன்வரிசைக்கே கேட்டிருக்கும்.

அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்.
ஆபீஸ் கழிவுத்தாள்.
மேடைக்கு வேண்டுமென்று கேட்டார்கள்,
பேரைப் பிழையாக அடித்து ஒதுக்கிய ஒன்றை
யோசிக்காமல் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

"கோட்டையில எத்தன ரூம்பு?" என்றார்.
நோட்டில் அது இல்லை.
சனம் சிரித்தது.
"குதிர ஒண்ணு இருக்கு. எங்க கட்டறது?"
இன்னும் பெரிய சிரிப்பு.
"காய்ச்சக்காரி ஒருத்தி படுத்திருக்கா.
தொண்ணூறு நாளுல எந்திரிச்சிருவாளா, தொர?"

சிரிப்பு ஒரு மூலையில் நின்றது.
பிறகு மாமரத்துப் பக்கம்.
பிறகு ஜெனரேட்டர் மட்டும்.

தைரியநாதன் என்னைப் பார்த்தான்.
அவனுக்கும் உறை கொடுத்திருந்தேன், நாற்பத்தொன்று.
நோட்டில் விரலை ஓட்டினேன்,
முன்பக்கம், பின்பக்கம்.
துரை பேச ஒரு வரி இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
கடைசியில் அழுத்தினார்.
மெழுகு ஆறிப்போயிருந்தது,
மோதிரம் பதியவில்லை.
திரைக்காரப் பையன் அழுதுகொண்டே கயிற்றை விட்டான்.

உள்ளே வந்து பாகையை அவிழ்த்தார்.
வியர்வையில் சாயம் இறங்கி நெற்றி முழுக்க ஆரஞ்சு.
காகிதத்தை நாலாக மடித்து என்னிடம் தந்தார்.
"அடுத்த வருசம்
எழுத்தில்லாத தாளாப் பாத்துக் குடு."

சரி என்றேன்.

பத்தாம் காட்சி, காசி யாத்திரை.
முதல் வசனம் அவருடையது.
எடுத்துக் கொடுத்தேன்.