மூன்று மாத நிலுவை

யோகமலர் ஸ்கூட்டியை நிற்பாட்டாமலே கேட்டாள்:
"அண்ணை, மூன்று மாசம் நிலுவை.
தொடர்ந்து போடவோ, விடவோ?"
கொம்பிரசர் இரைச்சலில்
காது கேளாதவன் மாதிரி நின்றேன்.

மல்லாவிச் சந்தியில் எனக்குக் காற்றடிக்கிற கடை.
சைக்கிள் ரியூப் ஒட்ட நூறு ரூபா.
பேப்பர் எண்பது.
விடிய வருகிற முதல் ஓட்டை பேப்பருக்கு,
இரண்டாவதில்தான் எங்களுக்கு அரிசி
என்று சுகிர்தா கணக்குச் சொல்வாள்.

ஞாயம்தான்.
ஒன்பது மணிக்கு வருகிற பேப்பரில்
நேற்று ஃபோனில் பார்த்த விபத்து
இன்னொருக்கால் நடக்கிறது.
முன்பக்கத்தில் ஆரோ நாடா வெட்டுகிறார்.
அதே கத்தரிக்கோல், வேறு மலசலகூடம்.
நடுப்பக்கம் முழுக்க
கனடாவிலும் சுவிசிலும் செத்தவர்கள்
பிறந்த இடமாய் எங்கட ஊர்களைப் போட்டுக்கொண்டு.
இங்கே உயிரோடு இருக்கிறவைக்கு
நாலாம் பக்க மூலை.

போன மார்கழி, இரவு பதினொன்றரை.
எல்லா ஃபோனும் ஒரேயடியாய் அலறின.
ஈச்சமோட்டைக் குளக்கட்டு உடைந்துவிட்டதாம்.
ஒரு குரல் பதிவு. பெயரில்லை.
பின்னால் ஒரு பொம்பிளை அழுகிற சத்தம்.
எங்களுக்கு ஓட்டம் புதிதில்லை.
பை எடுக்கிற கைக்கு யோசனை தேவையில்லை:
காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளையின் இன்ஹேலர்.
சுகிர்தா கதவைப் பூட்டினாள்,
திரும்ப ஓடிப்போய் ஆட்டை அவிழ்த்துவிட்டாள்.
பள்ளிக்கூட மேல்மாடியில்
நூற்றுச் சொச்சம் பேர் ஈரத்தோடு விடிந்தோம்.
தண்ணீர் வரவில்லை.

காலையில் அன்ரனி றோய்
மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.
நிருபர். ஒரு செய்திக்கு இவ்வளவு என்று காசு,
படத்துக்குத் தனி, அதுவும் பிரசுரமானால்.
முழங்கால் மட்டும் சேறு.
இரவு முழுக்கக் கட்டில் நின்றிருக்கிறான்.
குளம் வான் பாய்ந்தது, அவ்வளவுதான் என்றான்.
துருசு கொஞ்சம் திறந்திருந்ததாம்,
காவலாளி மழைக்கோட்டுக்குள்
பீடி பற்றவைக்கத் தெண்டித்துக்கொண்டிருந்தாராம்.
பின் ரியூப்பில் இரண்டு ஓட்டை. ஒட்டினேன்.
பிறகு தாறன் என்றான்.
இன்னும் தரவில்லை.

அடுத்த நாள் பேப்பரில் அது ஐந்து வரி.
துருசு ஒன்பது அங்குலம் திறக்கப்பட்டதாக.
அதற்கும் அடுத்த நாள்
ராசிபலனுக்குக் கீழே, எறும்பு எழுத்தில்:
ஒன்பது அல்ல, ஆறு அங்குலம்.
தவறுக்கு வருந்துகிறோம்.

அந்த மூன்று அங்குலம்
கன நாள் என் மண்டைக்குள் கிடந்தது.
எங்களை மழையில் ஓடவைத்த குரல்
இன்றுவரை வருந்தவில்லை.
அது ஆர் என்றும் தெரியாது.
காசும் கேட்கவில்லை.

அதற்காக இதைத் தலையில் வைத்து ஆடவும் வரவில்லை.
என் மாமி தெருவோரக் கொட்டகையில்
மகனின் படத்தோடு இருக்கிறா.
ஆயிரமாவது நாள் முன்பக்கத்தில் போட்டார்கள், கலரில்.
ஆயிரத்தோராவது நாளும் மாமி அங்கேதான் இருந்தா.
அச்சடித்த பிழைக்கு வருந்துவார்கள்.
அச்சடிக்காமல் விட்டதற்கு
எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

யோகமலர் எஞ்சினை நிற்பாட்டினாள்.
"முந்தி இந்த றோட்டிலை நாற்பத்தொரு வீடு.
இப்ப ஏழு. அதிலையும் ஒண்டு கோழிக்கடை,
சுத்தத்தான் வாங்கினம்.
நீங்களும் விட்டால்
இந்தப் பக்கம் வர பெற்றோல் கட்டாது அண்ணை."

இரண்டு மாசத்துக்கு எண்ணிக் கொடுத்தேன்.
மற்ற மாசம் நிலுவையில் கிடக்கட்டும்,
அன்ரனி றோயின் இரண்டு ஓட்டையும்
அங்கேதானே கிடக்கின்றன.
சுகிர்தாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
யோகமலரின் முன் ரயர் சப்பையாய்க் கிடந்தது,
காற்றடித்துவிட்டேன்.

அவள் போனபிறகு பேப்பரைப் பிரித்து
முதலில் ராசிபலனுக்குக் கீழே பார்த்தேன்.
இன்றைக்கு ஒருவரும் வருந்தவில்லை.