கறை இல்லை

மகெல்லன் நீரிணையைக் கடக்க இருபது நிமிடம்.
படகு கரை தட்டியதும் இறங்கி நின்று
லாரிகளுக்குக் கை காட்டுவேன்:
இன்னும் பின்னால், இன்னும், போதும்.
பதினோரு வருடம் அதுதான் வேலை.

இப்போது டிக்கெட் கூண்டில் உட்கார்த்தியிருக்கிறார்கள்.
கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டிவிட்டேன்,
ஒரு கை நுழையுமளவு ஓட்டை விட்டு.
கையை வைத்தே ஆளைத் தெரிகிறது.
நகக்கண்ணில் கம்பளிப் பிசுக்கு என்றால் பண்ணைக்காரர்.
டீசல் என்றால் ஒவீதியோ, கடன் கேட்க வந்திருக்கிறான்.

காற்றுதான் காரணம் என்றார் முதல் மருத்துவர்.
இந்தப் பக்கம் எல்லாவற்றுக்கும் காற்றுதான் காரணம்,
மரம் சாய்ந்ததற்கும் மணம் முறிந்ததற்கும்.
செயற்கைக் கண்ணீர் எழுதித் தந்தார், மாதம் மூன்று புட்டி.
சொந்தக் கண்ணீர் செலவில்லாமல் வந்துகொண்டிருந்த வருடம் அது.
அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாமவர் ஆரஞ்சுச் சாயக் காகிதத்தைக் கண்ணில் தொட்டு
நீல விளக்கைப் பாய்ச்சினார்.
அந்த நீலம்.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.
“கறை இல்லை” என்றார், லாட்டரி விழுந்ததுபோல.
“அழகான கண்கள், சென்யோரா.”
நான் அழகைப் பற்றிக் கேட்கவில்லை.

மூன்றாமவர் சந்தியாகோவிலிருந்து வருடத்துக்கு இருமுறை
விமானத்தில் வருகிறவர். எனக்கு ஏழு நிமிடம் தந்தார்.
வீட்டில் பிரச்சினையா, தூக்கம் வருகிறதா,
மாதவிலக்கு நின்றுவிட்டதா என்றார்.
இமையை ஷாம்பூவால் கழுவச் சொன்னார், குழந்தைகளுடையது.
கண்துடைப்பு என்பார்களே,
அதைச் சொல்லுக்குச் சொல் செய்தேன்,
காலையும் இரவும், ஆறு மாதம்.

மணல் போல என்றால், மணல் இல்லை என்கிறார்கள்.
பத்துக்கு எத்தனை என்றால்
ஏழு என்கிறேன், ஏழு என்று எழுதிக்கொள்கிறார்கள்.
குளிர்பெட்டியைத் திறக்கும்போது
பால் புட்டிக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்ன விளக்குக்கு
முகம் திருப்புகிறேனே, அது எத்தனை?
எலிசேயோவின் பிறந்தநாளில் மெழுகுவர்த்தி ஏற்றியதும்
அவர்கள் பாடி முடிக்கும்வரை
குளியலறையில் நின்றேனே, அது?

டிசம்பரில் இருட்டப் பத்து மணி தாண்டும்.
செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகும்
வாசலில் பேசிக்கொண்டே நிற்கிற விருந்தாளி மாதிரி பகல்.
ஜூன் மாதத்துக்காகக் காத்திருக்கிற ஒரே ஆள்
தீவில் நான்தான்.

நான்காவது, யாஸ்னா குசானோவிச். என்னைவிட இளையவர்.
நான் வாய் திறக்குமுன் எழுந்துபோய்
கூரை விளக்கை அணைத்தார்.
கணினியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.
இருட்டில் உட்கார்ந்து, சொல்லுங்கள் என்றார்.
தேதிவாரியாக எழுதி வைத்திருந்தேன்,
ஒரு வரி நினைவில்லை.

மரத்துப்போகும் மருந்து, கண்ணுக்கு ஒரு சொட்டு.
பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டார்.
தொட்டது தெரியவில்லை.
“வலி?”
“இருக்கிறது.”
“அப்படியேவா?”
“அப்படியே.”
பொய்க்காரியின் பதில் அது என்று எனக்கே பட்டது.
மரத்த கண்ணில் எப்படி வலிக்கும்?
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

அவர் நாற்காலியை நெருக்கி இழுத்தார்.
கண்ணின் மேல்புறத்தில் இல்லை, என்றார்,
அங்கிருந்து போகும் நரம்பில், அல்லது அதற்கும் பின்னால்.
எங்கள் விளக்கு அவ்வளவு தூரம் போகாது.
குணமாகும் என்று சொல்லவில்லை.
ஒரு மாத்திரை, பலிக்காமலும் போகலாம்.
கொன்செப்சியோனில் ஒருவர், காத்திருக்க வேண்டிவரும்.
நோயின் பெயரைத் தாளில் எழுதித் தந்தார், மூன்று சொல்.
பெரிய எழுத்தில், நான் வாசிக்கும்படி.

திரும்பும் படகில் நல்ல வெயில்.
இரண்டு கறுப்புக் கண்ணாடி, அதன்மேல் மகனுடைய தொப்பி.
எஞ்சின் சத்தத்துக்கு மேல் ஒவீதியோ கத்தினான்:
“என்ன சொன்னார்கள்?”
“இருக்கிறது என்றார்கள்.”
“எது?”
ஆட்டு லாரி ஒன்று ஹார்ன் அடித்தது,
அவன் கை காட்டப் போக வேண்டியிருந்தது.
தாளைச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிப்
பொத்தானைப் போட்டேன்.
இங்கே காற்று எதையும் பிடுங்கிக்கொண்டு போகும்.