இறக்கிவைத்தல்

லியெபாயாவில் அக்டோபர் காற்று
கடலிலிருந்து கிளம்பி டிராமில் டிக்கெட் இல்லாமல் ஏறி
என் பைக்குள் உட்கார்ந்துகொள்ளும்.
பையில் ஒரு ஜோடி காலணி, மரக் குதிகால்.
கட்டைவிரலுக்குச் சுற்றும் துணிப்பட்டை.
மடிக்காத ஆஸ்பத்திரிச் சீருடை.
வேகவைத்த முட்டை நான்கு,
அதில் ஒன்று எப்போதும் நசுங்கியிருக்கும்.

எனக்கு முப்பத்தொன்பது வயது.
ஸ்னாட்சில் ஐம்பது கிலோ தூக்குவேன்.
இந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை.
என் எடைப்பிரிவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்
உடம்பைச் சூடாக்க இதைத் தூக்குகிறார்கள்,
கொட்டாவி விட்டபடி.

இரவு வேலை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்.
சுழல் இயந்திரத்தில் ஒற்றைக் குழாயை வைத்தால்
மேசையோடு சேர்ந்து நடுங்கும்.
ஆகவே எதிரே இன்னொரு குழாய் வைப்போம்,
அதே அளவு தண்ணீர் ஊற்றி.
அதன்மேல் யார் பெயரும் இருக்காது.
அதன் முடிவைக் கேட்டு யாரும் போனில் அழமாட்டார்கள்.
சுழன்று முடிந்ததும் கொட்டிக் கவிழ்த்துவிடுவோம்.
ஏன் இன்னும் தூக்குகிறாய் என்று
குந்தேகா கேட்டபோது
இதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.
"முதுகுவலிக்கு நல்லது" என்றேன்.
பொய். முதுகு வலிப்பதே அதனால்தான்.

வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார்.
சாமான் மாற்ற கிளப்பிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள்.
ஆர்வித்ஸ், நூற்று நாற்பதைத் தலைக்குமேல் நிறுத்துகிறவன்,
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
என் துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.
பார்பெல் யோக்கியமானது.
இந்தப் பக்கம் உள்ளதே அந்தப் பக்கமும்.
பிடிக்கிற இடத்தில் சொரசொரப்பு வைத்திருக்கும்.
சோபாவுக்கு அப்படியெல்லாம் மனசாட்சி கிடையாது.
அரை மணி நேரம் அதுதான் எங்களைத் தூக்கியது.
கடைசியில் கதவைக் கழற்றினோம்.

அந்த வாரப் பயிற்சி நோட்டு:
திங்கள், பெட்டிகள்.
செவ்வாய், பெட்டிகள்.
புதன், இரவு வேலை, பிறகு பெட்டிகள்.
வியாழன், திரைச்சீலைக்குக் கம்பி வாங்கினேன்,
கடையிலேயே ஒருமுறை தலைக்குமேல் பிடித்துப் பார்த்தேன்,
கடைக்காரி கண்டுகொள்ளவில்லை.

புது வீட்டில் செருப்பு எந்தப் பெட்டியிலோ.
கைக்கு அகப்பட்டது தூக்கும் காலணி.
அதை மாட்டிக்கொண்டு
இரவு பதினொன்றரைக்கு முட்டை பொரித்தேன்.
டொக். டொக். டொக்.
உப்பைத் தேடி இங்கும் அங்கும்.
கதவு தட்டப்பட்டது.
கீழ் வீட்டு நோர்முண்ட்ஸ், தோளில் பால் கறை.
"இப்போதுதான் தூங்கினாள்" என்றான்.
கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.
காலுறையோடு நின்று சாப்பிட்டு முடித்தேன்,
உப்பில்லாமல்.

மறுநாள் வாசலில் கறுப்பு ரொட்டி,
காகிதத்தில் மடித்த ஒரு பிடி உப்பு.
குடிவந்தவர்களுக்கு இங்கே அப்படித்தான் கொடுப்பார்கள்.
எனக்கோ அது ரசீது மாதிரி இருந்தது.

பிறகு மூன்று வாரம் கிளப்புக்குப் போக நேரமில்லை.
கடன் வாங்கிய வெறுங்கம்பி, பதினைந்து கிலோ,
தரையில் நான்காக மடித்த போர்வை.
தூக்குவது தெரிந்த வேலை.
இறக்குவதற்குத்தான் இடுப்பு நடுங்கியது.
தலை, மார்பு, தொடை, முழங்கால்,
கம்பி போர்வையைத் தொடும்போது
என் மூச்சு மட்டும்தான் கேட்கவேண்டும்.

தோபெலேயில் போட்டி.
நேற்றைய இரவு வேலை இன்னும் கண்ணில்.
ஐம்பத்தொன்று. முதல் முயற்சி முன்னால் விழுந்தது.
இரண்டாவது, பின்னால்.
மூன்றாவது போய் நின்றது.
எப்படி என்று கேட்காதீர்கள்,
நான் அங்கே இருந்தேன், எனக்கே தெரியாது.
நடுவரின் மணி அடித்தது.

எல்லோரும் இந்த இடத்தில் விட்டுவிடுவார்கள்.
அந்த அதிர்வைக் கேட்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள்.
என் கைகள் விடவில்லை.
மார்பு, தொடை, முழங்கால் என்று
மெல்ல மெல்லக் கொண்டுபோய்
மேடையில் வைத்தன.
யாரோ சிரித்தார்கள்.
மூன்று வெள்ளை விளக்கு எரிந்தது.
நான் காலணியின் நுனியில்
சத்தமில்லாமல் இறங்கி வந்தேன்.