நான்கு மால்

உசிலங்குறிச்சி.
ராதாபுரம் வட்டம். பரப்பு, பழைய பதிவேட்டின்படி
முந்நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் சொச்சம்.
உசிலை மரம் ஒன்றுகூடக் கிடையாது.
பேருந்துப் பலகையில் ‘உசிலா’.
வெள்ளைக்காரன் வரைபடத்தில் ‘ஊசி’,
எந்தக் குமாஸ்தாவின் அவசரமோ.

இதற்கு நான்கு மாலாவது:
மேற்கே மலை.
மலை என்றால், பதினைந்து கல் தள்ளி.
மழையைத் தனக்கென்று வைத்துக்கொண்டு
காற்றை மட்டும் கணவாய் வழியாக அனுப்பும்.
ஆடி மாதம் அந்தக் காற்று
மைதீன் பிச்சை கடைத் தகரத்தையும்
ஒருமுறை முழுசாக ஒரு கல்யாணப் பந்தலையும்
கிழக்கே தூக்கிப்போனது.
தெற்கே குளம். கடைசிக் குளம்.
மேலே பதினோரு குளமும் குடித்து மீந்தால்தான்.
நான் வந்த ஐந்து வருஷத்தில்
இரண்டு தடவை மீந்தது.
கிழக்கே தேரி. சிவப்பு மணல்.
எல்லை என்று சொன்னால் அது கேட்காது, நடக்கும்.

வடக்கை அளக்கத்தான் வந்தேன்.

காற்றாலைக்காரர்களுக்கு வடமேற்கு மூலைக்கல் வேண்டுமாம்.
கருவி ஓரிடத்தில் நின்று பீப் என்றது,
அங்கே கல் இல்லை.
செயின்மேன் பலவேசம் உடைமுள்ளை வெட்டிச் சலித்து
கடப்பாரையைச் சாய்த்துவிட்டு
பேச்சித்தாய் வீட்டுப் பின்கட்டைக் காட்டினான்.
துவைகல்.
புரட்டிப் போட்டோம்.
அடியில் அம்புக்குறி, சோப்பே படாமல்
நேற்று கொத்தியதுபோல.

“நான் வாக்கப்பட்டு வரும்போதே கெடந்துச்சும்மா.
யாரு கொண்டாந்தாவளோ.”

இந்தக் கல்லை நம்பினால்
வட எல்லை இருநூறு லிங்க்ஸ் தெற்கே இறங்கும்.
பதினாறு பனை பக்கத்து ஊருக்கு.
தாது வருஷத்தில் ஒரே குழியில் இட்டவர்கள்,
பெயர் எழுதி வைக்கப்படாதவர்கள்,
படுத்தபடியே ஊர் மாறுவார்கள்.
கொழும்பிலிருந்து முப்பது வருஷம்
‘வடக்குத் தெரு, உசிலங்குறிச்சி’ என்று
மணியார்டர் அனுப்பிய ஞானதிரவியத்தின் விலாசம்
ஊருக்கு வெளியே போய்விடும்.

நம்பாவிட்டால்
கையில் ஒன்றுமில்லை, பீப் சத்தம் தவிர.

“மூணு நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வருது.
இன்னைக்கு முறை. பழையபடி போட்டுட்டுப் போங்கம்மா.”

இரண்டு பேருமாகப் புரட்டினோம், அம்பு கீழே போக.
பலவேசம் விரல் நசுங்கி ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
வடமேற்குக் கல் தலத்தில் இல்லை.
அது உண்மைதான்.

வண்டியை எடுக்கும்போது குழாயில் காற்று சீறியது,
பிறகு தண்ணீர்.
ஈரச் சேலை கல்லில் அறையும் ஓசை
விலக்கு ரோடு வரை கேட்டது.
கம்பெனிக்காரர் போன் போட்டார்.
ஆடி கழியட்டும் என்றேன்.