வெளிர்பச்சை

மேய்ன் மாநிலத்தின் வடக்கே, மார்ச் கடைசி வியாழன்.
பனி சேறாகிக் கொண்டிருக்கிறது.
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
ஏழு ஊர் நிலத்திட்டக் குழு.
வந்தவர்கள் பதினொரு பேர்.
காபிக் கலனையும் சேர்த்தால் பன்னிரண்டு,
அதுதான் எந்தக் கூட்டத்தையும் தவறவிட்டதில்லை.

நான் குறிப்பெழுதுகிறவள்.
முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு, எதிர்ப்பு.
அதற்கு மேல் எழுத எனக்குச் சம்பளமில்லை.

சுவரில் வரைபடம்.
மஞ்சள், வீடுகள். செம்பழுப்பு, உழவு நிலம்.
வெளிர்பச்சை என்றால் இனி அங்கே எதுவும் எழும்பாது:
ஏரிக்கரைக் குடில், கார் நிறுத்துமிடம்,
பைன் மரங்களை வெட்டிவிட்டு
பைன் தோப்பு என்று பலகை மாட்டும் குடியிருப்பு, எதுவும்.
லூசில் பெர்த்தியோம் இரண்டு வருடம் வரைந்தது.
ஒவ்வொரு ஓடையிலும் இறங்கி நடந்தவள்.
கரடி எங்கே சாலையைக் கடக்கும் என்று
கரடிக்கு அடுத்தபடி அவளுக்குத்தான் தெரியும்.

ஊர் ஏழு. ஆறு ஒன்று.
மேலே கொட்டியதைக் கீழே குடிக்கிறார்கள்.
ஆனாலும் ஒரு பாலத்தின் செலவுக் கணக்கில்
ஸ்டாக்வெல்காரர்களும் டன்ஹோப்காரர்களும்
முப்பத்தொரு வருடம் பேசிக்கொள்ளவில்லை.
குழுவின் முதல் ஆண்டுத் தீர்மானங்களில் பாதி
யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பது பற்றியவை.
என் அலமாரியில் இருக்கின்றன. வேண்டுமானால் காட்டுகிறேன்.

பொருள் நான்கு:
ரேனால்ட் ஊலெட்டின் இருநூற்றுப் பன்னிரண்டு ஏக்கர்.
கட்டும் உரிமையை மட்டும் அறக்கட்டளைக்கு விற்கிறார்.
மண் அவருடையது. மாடும் வைக்கோலும் கடனும் அவருடையவை.
"ஒன்றும் கட்டாமல் இருப்பதற்கு எனக்குக் காசு தருகிறீர்கள்.
நாற்பது வருடம் அதை இலவசமாகச் செய்திருக்கிறேன்" என்றார்.
சிரித்தார்கள்.
அப்போது பின்வரிசையில் அவர் மகள் எழுந்தாள்.
"கிழக்கு மேட்டில் எனக்கு வீடு என்று
போன கிறிஸ்துமஸில் சொன்னீர்கள்."

ஊலெட் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார்.
குறிப்பில்: சிறு இடைவேளை.

இரண்டு ஏக்கர்தான் கேட்டாள்.
லூசில் பென்சிலால் அந்த மூலையைத் தொட்டாள்.
அங்கே ஒரு குட்டை. ஏப்ரலில் இருக்கும், ஆகஸ்டில் இருக்காது.
வற்றுவதால் மீன் இல்லை,
மீன் இல்லாததால் முட்டைகள் பிழைக்கின்றன.
"மூஸ் சுற்றிக்கொண்டு போகும்.
விரல் நீளப் பிராணிக்குச் சுற்றுவழி கிடையாது."
"எனக்கு முப்பத்தாறு வயது" என்றாள் டேனியெல்.
"பெயின்ட் கடைக்கு மேலே வாடகைக்கு இருக்கிறேன்.
என்னை எந்த வண்ணத்தில் போட்டிருக்கிறீர்கள்?"

இதற்கு யாரும் வழிமொழியவில்லை.
மறுக்கவும் இல்லை.
பொருள் நான்கு ஒத்திவைக்கப்பட்டது. மணி ஒன்பது பத்து.

வெளியே மழை. அந்த ஆண்டின் முதல் வெதுவெதுப்பான மழை.
ஆற்றுச்சாலை வளைவில் முன்னால் போன கார் நின்றது,
பிறகு எல்லாக் கார்களும்.
தார்மேல் மஞ்சள் புள்ளிகள் நகர்ந்தன:
சாலமண்டர்கள், நூறா இருநூறா,
மலைச்சரிவிலிருந்து குட்டைக்கு,
பிறந்த தண்ணீருக்கு,
எந்தக் குழுவையும் கேட்காமல்.
ஸ்டாக்வெல்காரர் டார்ச் பிடித்தார்.
டன்ஹோப்காரர் தன் தொப்பியில் அள்ளி அள்ளி
அக்கரை சேர்த்தார்.
டேனியெல் காரை விட்டு இறங்கவில்லை.
மனம் மாறினாள் என்று நான் எழுதமாட்டேன்.
விளக்கை அணைத்திருந்தாள்.
வைப்பர் ஆடியது. டயர் நகரவில்லை.

அடுத்த மாதக் கூட்டம்.
முந்தைய குறிப்பில் திருத்தம் உண்டா என்று கேட்டேன், வழக்கம்போல.
ஸ்டாக்வெல்காரர் கையைத் தூக்கினார்:
கூட்டம் முடிந்தது ஒன்பது பத்துக்கு அல்ல,
பத்து ஐம்பத்தைந்துக்கு.
டன்ஹோப் வழிமொழிந்தது.
எதிர்ப்பு இல்லை.
திருத்தி எழுதினேன்.
பிறகு பொருள் நான்கை எடுத்துக்கொண்டோம்.