ஒன்றுமில்லாத மூன்று மாத்திரை

வியாழக்கிழமை கர்ப்பிணிகளின் நாள்.
எடை மேடையில் ஒரு கால் குட்டை;
அட்டையை எட்டாய் மடித்து அடியில் கொடுத்திருக்கிறோம்.
முவேரு ஏரிக்கரையில் காயும் பொடிமீனின் வாடை
பஞ்சுப் பொட்டலம் வரைக்கும் ஏறிவிட்டது.

நான் மருந்து ஜன்னலுக்கு உள்ளே.
வெளியே மாமரத்தடியில்
சிட்டெங்கே துணி சுற்றிய நாற்பது வயிறுகள்.
வருகிறவளின் உள்ளங்கையில் மூன்று மாத்திரை வைப்பேன்,
மலேரியா வருமுன் தடுக்க.
என் கண்ணெதிரே விழுங்க வேண்டும், அது விதி.
சிவப்புக் குவளை ஒன்றுதான். எல்லோருக்கும் அதே.

கசுபாவுக்கு மட்டும் கூடாது.
தினமும் அவள் விழுங்கும் பெரிய வெள்ளை மாத்திரை,
நடுவில் கோடு போட்டது, பெயர் கோட்ரைமாக்சசோல்,
இந்த மூன்றுக்கும் பங்காளி.
சேர்ந்து உள்ளே போனால்
தோல் வெந்து உரிந்தாலும் உரியும்.
சளிக்காய்ச்சலுக்கும் அதுவே காவல்,
கொசுக்கடிக் காய்ச்சலுக்கும் அதுவே காவல்,
உனக்கு இன்னொன்று தேவையில்லை என்று
கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருந்தேன்.
அவளுக்குப் புரிந்தது.
வரிசைக்கு யார் சொல்வது?

வரிசைக்குக் கண் அதிகம்.
குவளை யார் கைக்குப் போகவில்லையோ
அவளுக்கு 'அது' இருக்கிறது.
அது என்றால் அது. பெயர் வேண்டியதில்லை.

முதல் தடவை அவளை வெறுங்கையோடு அனுப்பினேன்.
நான்தான். விதிப்படிதான்.
மாமரத்தடியில் ஒரு பேச்சு பாதியில் அறுந்தது.
அந்த வாரம் சந்தையில் அவள் மீன்
சாயங்காலம் வரை கூடையிலேயே கிடந்ததாம்.

பிறகு இரண்டு மாதம் ஆளில்லை.
ஒரு நாள் இருட்டிய பின் பின்கதவைத் தட்டினாள்.
டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன்.
ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது. பதினேழு இருந்தன.
"மறக்கவில்லை," என்றாள்.
"தீர்ந்தால் வர வேண்டுமே என்று
ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டேன்."
வயிற்றின் மேல் கை இருந்தது.
உள்ளே இருந்தது உதைத்ததோ என்னவோ,
கையை எடுத்து மறுபடி வைத்தாள்.

அடுத்த வியாழன் அவள் முறை வந்தபோது
மூடிய என் கையை அவள் கையில் வைத்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
விரல் நுனியால் மூன்று அழுத்தம், வேறொன்றுமில்லை.
அவள் என்னைப் பார்க்கவே இல்லை.
கையை வாயில் கவிழ்த்தாள், குவளையைக் கேட்டாள்,
தொண்டை ஏறி இறங்கியது,
முகம்கூடச் சுளித்தாள்.
"கசக்குமா?" என்றது பின்னால் நின்ற சின்னப்பெண்.
"குடலைப் புரட்டும்," என்றாள் கசுபா.

பதிவேட்டில் 'கொடுக்கவில்லை' என்றே எழுதினேன்.
பொய் கையோடு இருக்கட்டும், காகிதத்துக்கு வேண்டாம்.

மூன்று வியாழன் இப்படிப் போயிற்று.
கெட்டிக்காரன் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காவது வியாழன்,
வரிசை கலைந்து, நான் குவளையைக் கழுவும் நேரம்
முவெனியா வந்து நின்றாள்.
பரிசோதனைக்கு இரத்தம் கேட்டபோதெல்லாம்
"வேறு ஊரில் கொடுத்துவிட்டேன்," என்று சிரித்தவள்.
மாதாமாதம் என் கையால் மூன்றையும்
என் கண்ணெதிரே விழுங்கியவள்.

"அவள் கையில் நீ வைத்ததைப் பார்த்தேன்," என்றாள்.
குவளை என் கையில் வழுக்கியது.
"ஒன்றுமே இல்லை அதில்."

பிறகு துணியின் முடிச்சை அவிழ்த்து
எடுத்துக் காட்டினாள்:
பெரியது, வெள்ளை,
நடுவில் கோடு.
முழங்கையின் உள்மடிப்பில்
சிவந்த தடிப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

"எனக்கும் இனிமேல்
அந்த ஒன்றுமில்லாததையே கொடு."

கதவைச் சாத்தினேன்.
விளக்கை அவள் கைப்பக்கம் இழுத்தேன்.